வீட்டில இருந்து வேலை செய்யிற ஸ்டாஃபுக்கு ஃபயர்வால் பெட்டியா, கிளவுட் செக்யூரிட்டியா?

வாவிக்கரை கணக்கன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்க.

எங்கட ஒபிஸ் மட்டக்களப்பு டவுனுக்குள்ள. வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு கணக்கு எழுதிக் குடுக்கிற வேலை, புக்கீப்பிங், பேரோல், வட் ரிட்டேன் இப்பிடி. மொத்தம் 22 பேர். கொரோனா நேரம் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினது, மறுகா 2022ல பெற்றோல் கியூவும் கரண்ட் வெட்டும் வந்திச்சு, அதோட அரைவாசிப் பேர் ஒபிசுக்கு வாறதே இல்ல. வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி, கல்முனை, ரெண்டு பிள்ளைகள் அக்கரைப்பத்து. அவங்கவங்க ஊரில இருந்து நல்லாத்தான் செய்யிறாங்க, திருப்பிக் கூப்பிடுற எண்ணமும் இல்ல.

இப்ப லண்டன் கிளையன்ட் ஒராள் பெரிய எக்ஸெல் ஷீட் ஒண்டு அனுப்பியிருக்கிறார். உங்கட ரிமோட் ஸ்டாஃப் எப்பிடி கனெக்ட் ஆகுறாங்க, எம்எஃப்ஏ (பாஸ்வேர்டுக்கு மேல போனிலயும் உறுதிப்படுத்துறது) இருக்கா, ஸீரோ ட்ரஸ்ட் (ஆரையும் சும்மா நம்பாம ஒவ்வொருக்காவும் செக் பண்ற முறை) பொலிசி இருக்கா, சைபர் எசென்ஷல்ஸ் சேர்ட்டிஃபிகேட் எடுக்கிற எண்ணம் இருக்கா எண்டெல்லாம் கேள்வி. கொழும்பில ஒரு வெண்டருக்கு கோல் எடுத்தன், ஃபயர்வால் பெட்டி, மூண்டு வருச லைசென்ஸ், எஸ்எஸ்எல் விபிஎன் எண்டு கொட்டேஷன் வந்திச்சு. தொகையப் பாத்த முதலாளி ஒண்டும் பேசல்ல, ஏசிய கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார். இன்னொரு வெண்டர் பெட்டியே தேவயில்ல, சாசி எண்டு இருக்கு, எல்லாத்தையும் கிளவுட்டில போடலாம், ஆளுக்கு மாசம் இவ்வளவு டொலர் எண்டுறார்.

எங்கட நிலவரம் இதுதான். மெயிலும் ஃபைலும் மைக்ரோசொஃப்ட் 365, வெளிநாட்டுக் கணக்கெல்லாம் ஸீரோ (Xero) எண்ட கணக்கு சொஃப்ட்வெயார், அது ஒன்லைன். உள்ளூர் கிளையன்ட் கொஞ்சப் பேருக்கு பழைய குயிக்புக்ஸ் டெஸ்க்டொப், அது ஒபிஸில ஒரு விண்டோஸ் சேர்வரில கிடக்கு. ஸ்கேன் பண்ணின பில்லெல்லாம் ஒரு நாஸ் (நெட்வேர்க் ஸ்டோரேஜ்) பெட்டியில. வீட்டில இருக்கிறவங்க குயிக்புக்ஸுக்கு ரிமோட் டெஸ்க்டொப்பால வாறாங்க, நான் சேர முதலே ஆரோ ரௌட்டரில போர்ட் (வெளிய இருந்து உள்ள வாற வாசல்) திறந்து விட்டிருக்காங்க, நம்பர மட்டும் மாத்தியிருக்கு.

கிளவுட் செக்யூரிட்டி எண்டா உண்மையில என்ன நடக்குது? எங்கட வீட்டு 4ஜி லைனில அது ஓடுமா? எதில தொடங்குறது? வெண்டர் கதை எனக்கு வேணாம், செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்க.

---

கல்முனைக் கடற்கரை:

தம்பி, மத்ததெல்லாம் நாளைக்குப் பாக்கலாம், அந்த போர்ட்ட இண்டைக்கு இரவே மூடிடுங்க. நம்பர் மாத்தினா ஒளிச்சு வெச்ச மாதிரி எண்டு நினைக்கிறாங்க, ஆனா இன்டர்நெட் முழுக்க எல்லா போர்ட்டையும் தட்டிப் பாத்துக்கிட்டே இரிக்கிற ஸ்கேனருகள் இரிக்கி, ரிமோட் டெஸ்க்டொப்பிட வழக்கமான 3389 எண்டாலும் மாத்தின 53389 எண்டாலும் அதுக்கு ஒண்டுதான். சேர்வரில ஈவன்ட் வியூவரத் திறந்து செக்யூரிட்டி லொக்கில 4625 எண்ட நம்பரத் தேடிப் பாருங்க, அது தோத்துப் போன லொகின். அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், ஸ்கேனர், டெஸ்ட் எண்டு உங்கட ஒபிஸில இல்லாத பேரெல்லாம் வரிசையா வந்து நிக்கும். அத ஸ்க்ரீன்ஷொட் எடுத்து முதலாளிக்குக் காட்டுங்க, ஏசி தேவைப்படாது.

இப்ப கேள்விக்கு வாறன். நான் கத்தாரில கன காலம் நெட்வேர்க் வேலை செய்தவன், இப்ப ஊரில. பழைய முறையில கொம்பனியிட எல்லாச் சாமானும் ஒபிஸுக்குள்ள இரிந்திச்சு, அதால வாசலில ஒரு பெட்டி வெச்சாக் காணும். வெளிய இரிக்கிறவன் விபிஎன் போட்டு உள்ள வருவான், வந்தா முழு நெட்வேர்க்கும் அவனுக்குத் தெரியும், நாஸ், பிரின்டர், சிசிடிவி, எல்லாம். இப்ப உங்கட கேஸில மெயில் ஒபிஸில இல்ல, ஸீரோ ஒபிஸில இல்ல, ஆளும் ஒபிஸில இல்ல. பெட்டி மட்டும் மட்டக்களப்பில. அக்கரைப்பத்தில இரிக்கிற பிள்ளை விபிஎன் போட்டு, உங்கட ஒபிஸ் லைனுக்கு வந்து, அதுக்குள்ளால கிறுகி வெளிய போய் ஸீரோவத் திறக்கிறது, கல்முனைக்காரன் அக்கரைப்பத்துக்குப் போறதுக்கு முதல்ல மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்டுக்கு வந்த கதைதான். ஒபிஸ் லைனிட அப்லோட் வேகத்துக்குள்ள 11 பேர் நெருக்கணும், ஒபிஸில கரண்ட் போனா 11 பேரும் வீட்டில சும்மா.

கிளவுட் முறையில அந்தச் செக்கிங் வேலைய ஒபிஸ் வாசலில செய்யாம, செக்யூரிட்டிக் கொம்பனி உலகம் முழுக்க வெச்சிரிக்கிற சென்டர்களில ஸ்டாஃபுக்குக் கிட்ட இரிக்கிற ஒண்டில செய்யிறாங்க. லப்டொப்பில ஒரு சின்ன ஏஜன்ட் ஓடும், ட்ரஃபிக் அந்த சென்டருக்குப் போகும், இது ஆரு, எம்எஃப்ஏ செய்தாரா, லப்டொப்பில அப்டேட் போட்டிரிக்கா, டிஸ்க் என்கிரிப்ட் பண்ணியிரிக்கா எண்டு பாத்து, அவருக்குரிய அப்ளிகேஷனுக்கு மட்டும் வழி விடும். முழு நெட்வேர்க்கும் தெரியாது. இந்தத் துண்டுக்குப் பேர் இசட்டிஎன்ஏ. ஆக்கள் போற வெப்சைட்ட ஃபில்டர் பண்றது ஒரு துண்டு, ஒன்லைன் அப்ளிகேஷன்களில ஆரு என்ன டவுன்லோட் பண்றாங்க எண்டு பாக்கிறது இன்னொரு துண்டு, கிளவுட் ஃபயர்வால் ஒண்டு, பிராஞ்சுகளச் சேக்கிற எஸ்டிவேன் ஒண்டு. எல்லாத்தையும் ஒண்டாக் கட்டினா சாசி. கார்ட்னர் எண்ட ஐடி ஆராய்ச்சிக் கொம்பனி 2019ல வெச்ச பேர். ஸீரோ ட்ரஸ்ட் அதுக்கும் முந்தியது, 2010ல ஃபொரெஸ்டர் எண்ட இன்னொரு ஆராய்ச்சிக் கொம்பனியில இரிந்த ஜோன் கிண்டெர்வாக் எழுதினது, கூகிள் தங்கட ஸ்டாஃப விபிஎன் இல்லாம வேலை செய்ய விட்ட முறைய 2014ல எழுதி வெளிய விட்டாங்க. உங்களுக்கு பிராஞ்ச் இல்ல, அப்ப எஸ்டிவேனுக்கு காசு குடுக்க வேணாம். வெண்டர் முழுப் பொதியும் விக்கப் பாப்பான்.

4ஜி கேள்வி. கிளவுட் முறை உங்களுக்குச் சரிவாறதே இதாலதான். ரௌட்டரிட ஸ்டேட்டஸ் பக்கத்தில வேன் ஐபி எண்டு இரிக்கும், அது 100.64ல இருந்து 100.127க்குள்ள தொடங்கினா, உங்களுக்கு சொந்தப் பப்ளிக் ஐபி இல்ல, கன வீட்டோட பங்கு போட்டிரிக்கிறீங்க. ஒபிஸ் லைன் அப்பிடி எண்டா வெளிய இரிந்து விபிஎன் உள்ள வரவே ஏலா, ஸ்டட்டிக் ஐபிக்கு மாசம் மாசம் தனிக் காசு. கிளவுட் முறையில ஒபிஸ் சேர்வருக்குப் பக்கத்தில கனெக்டர் எண்ட ஒரு சின்ன ப்ரோகிராம் ஓடும், அது உள்ள இரிந்து வெளிய போய் கையப் பிடிச்சுக்கொள்ளும். ரௌட்டரில ஒரு போர்ட்டும் திறக்கத் தேவயில்ல. உதாரணத்துக்கு கிளவுட்ஃப்ளேர் எண்ட கொம்பனிட டனல் 7844 போர்ட்டால வெளிய போறது, உள்ள வாறது ஒண்டுமில்ல. 50 பேர் வரைக்கும் அவங்கட ஸீரோ ட்ரஸ்ட் ஃப்ரீ பிளானும் இரிக்கி, நீங்க 22 பேர்தானே.

---

சம்மாந்துறை மில்காரன்:

நானா சொல்றது சரி, ஆனா ஆரும் கிளவுட் எண்டா எல்லாம் பத்திரம் எண்டு நினைச்சிரக் கூடாது. 2023ல எங்கட அரசாங்க மெயில், லங்கா கவர்மென்ட் கிளவுட்டில இருந்ததுதான், பழைய எக்ஸ்சேஞ்ச் 2013, ரான்சம்வெயார் (ஃபைலப் பூட்டிக் காசு கேக்கிற வைரஸ்) அடிச்சு மே தொடக்கம் ஆகஸ்ட் வரைக்கும் மெயில் போயிட்டு, கிட்டத்தட்ட 5000 முகவரி. பேர் கிளவுட்தான், பெக்கப் இல்லையே.

மற்றது, செக்கிங் எல்லாத்தையும் ஒரு கொம்பனிக்குக் குடுத்தா அவன் விழுந்தா நீயும் விழுவாய். 2025 நவம்பர் 18 கிளவுட்ஃப்ளேர் விழுந்த நேரம் அவங்கட அக்ஸஸ் லொகினும் சேர்ந்துதான் படுத்திச்சு. அண்டைக்கு எங்கட கணக்குப் பிள்ளை போன் மேல போன். அதுக்காக பெட்டிதான் நல்லம் எண்டு சொல்ல வரல்ல. பெட்டிக்காரர்ட கதை அதவிட மோசம், 2024 ஜனவரியில இவான்டி விபிஎன் பெட்டியில ஓட்டை எண்டு அமெரிக்க அரசாங்கத்திட சைபர் பாதுகாப்பு நிறுவனம் சிசா, கவர்மென்ட் ஒபிஸுகளுக்கு பெட்டிய கழட்டியே வையுங்க எண்டு ஓடர் போட்டாங்க, பெப்ரவரி 2 வரைக்கும்தான் டைம் குடுத்தது. கொட்டேஷனில எஸ்எஸ்எல் விபிஎன் எண்டு போட்டிருக்கு எண்டியள், ஃபயர்வால் பெட்டி செய்யிற ஃபோர்ட்டிநெட்டே 7.6.3 வேர்ஷனில எஸ்எஸ்எல் விபிஎன் டனல் மோட எடுத்துட்டாங்க, ஐபிசெக் எண்ட மற்ற விபிஎன் முறைக்கு மாறச் சொல்றாங்க. உங்கட வெண்டர் எந்த மொடல், எந்த வேர்ஷன் தாறார் எண்டு கேட்டுப் பாருங்க, மூண்டு வருச லைசென்ஸ் எடுத்திட்டு ஆறு மாசத்தில திருப்பி செட்டப் பண்ற மாதிரி வரலாம்.

நான் மில்லில செய்தது சின்னது. மூண்டு ஸ்டோர், ஒரு கணக்கு மெஷின், ஒரு டிவிஆர். பழைய லப்டொப் ஒண்டில கனெக்டரப் போட்டு, அதுக்கு ஒரு சின்ன யூபிஎஸ், ரௌட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ். இந்த ரெண்டாவத மறக்க வேணாம், கனக்க ஒபிஸில சேர்வருக்கு யூபிஎஸ் இருக்கும், ரௌட்டரும் ஃபைபர் பெட்டியும் சுவர் பிளக்கில நேரா தொங்கும். 2025 பெப்ரவரியில பாணந்துறைக் குரங்கு நாட்டையே இருட்டாக்கின அண்டைக்கும் டவர் பெட்டரி இருக்கிற மட்டும் எங்களுக்கு லைன் இருந்திச்சு.

ஸ்பீட் பாக்கிறதெண்டா, வெண்டர்ட சென்டர் எங்க இருக்கு எண்டு கேளுங்க. கொழும்பில இருக்கு எண்டு சொல்லுவாங்க, ஆனா உங்கட லைன், உங்கட பிளான் உண்மையில அங்க போகுதா எண்டது வேற கதை. கிளவுட்ஃப்ளேரெண்டா எந்த சென்டருக்குப் போகுது எண்டு காட்டுற ட்ரேஸ் பக்கத்தில கோலோ எண்ட வரியப் பாருங்க, சிஎம்பி எண்டா கொழும்பு, எஸ்ஐஎன் எண்டா சிங்கப்பூர், எம்ஏஏ எண்டா சென்னை. வாழைச்சேனைப் பிள்ளையும் பாக்கட்டும், அக்கரைப்பத்துப் பிள்ளையும் பாக்கட்டும், ஒவ்வொரு சிம்முக்கும் ஒவ்வொரு மாதிரி வரும். காலையில ஒருக்கா, இரவு எட்டு மணிக்கு எல்லாரும் யூடியூப் பாக்கிற நேரம் ஒருக்கா.

---

வாவிக்கரை கணக்கன்:

போர்ட் மூடியாச்சு. 4625 தேடினன், சொன்ன மாதிரியே, ஸ்க்ரோல் பண்ணி முடியல்ல. முதலாளி பாத்திட்டு இந்தக் கிழமையே ஏதாவது செய் எண்டுட்டார்.

இப்ப ஸ்டாஃப் பக்கம் பிரச்சினை. பாதிப் பேர்ட லப்டொப் சொந்தம். ஏஜன்ட் போடணும் எண்ட உடன நீங்க எங்கட வீட்டு போட்டோவெல்லாம் பாப்பீங்களா எண்டு கேக்கிறாங்க. ஒரு பிள்ளை தன்ர பேங்க் லொகினும் தெரியுமா எண்டு கேட்டிச்சு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல்ல.

---

ஆரையம்பதி அக்கா:

தம்பி, அந்தப் பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. வெப் ஃபில்டரில டிஎல்எஸ் இன்ஸ்பெக்ஷன் எண்டு ஒரு ஸ்விட்ச் இருக்கு. அதப் போட்டா லப்டொப்பில கொம்பனிட சொந்த ரூட் சேர்ட்டிஃபிகேட் ஏறும், பூட்டு அடையாளம் போட்ட பக்கத்தையும் நடுவில திறந்து பாத்து மூடி அனுப்பும். அப்ப பேங்க் பக்கமும் அதுக்குள்ளதான். பேங்க், ஆஸ்பத்திரி வகையள விட்டுவைக்கலாம், கனக்க சேவையில அந்த செட்டிங் இருக்கு, ஆனா ஆராவது போய்ப் போடணும். நீங்க சின்ன ஒபிஸ், அந்த ஸ்விட்ச போடவே வேணாம், டிஎன்எஸ் மட்டத்தில (வெப்சைட் பேரத் தேடுற இடத்திலயே) ஃபிஷிங் சைட்டப் பிளொக் பண்ணினாக் காணும். சொந்த லப்டொப்புக்கு ஏஜன்ட் போடாம பிரவுசராலயே ரிமோட் டெஸ்க்டொப் திறக்கிற முறையும் இருக்கு. ஃபைல டவுன்லோட் பண்ண ஏலாம, கொப்பி பேஸ்ட் ஏலாம வைக்கலாம். கொம்பனி லப்டொப்புக்கு ஏஜன்ட், சொந்த லப்டொப்புக்கு பிரவுசர், இப்பிடிப் பிரிச்சா சண்டை வராது. என்னத்தப் பாப்பம், என்னத்தப் பாக்க மாட்டம் எண்டு ஒரு பக்கத்தில தமிழில எழுதி எல்லாரிட்டயும் கையெழுத்து வாங்குங்க. எங்கட நாட்டிலயும் 2022ம் ஆண்டின் 9ம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, ஸ்டாஃப்ட லொக்கும் தனிப்பட்ட தரவுதான்.

அடுத்தது லண்டன்காரர்ட ஷீட். சைபர் எசென்ஷல்ஸ் பிரிட்டிஷ் அரசாங்கத்திட திட்டம், 2014ல தொடங்கினது, ஃபயர்வால், செக்யூர் செட்டிங், அப்டேட், ஆருக்கு என்ன அனுமதி, மல்வெயார் பாதுகாப்பு, இந்த அஞ்சத்தான் பாக்கிறாங்க. வெண்டர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார், அதில எங்கயும் சாசி வாங்கு எண்டு இல்ல. வீட்டில இருந்து வேலை செய்யிறவர்ட லப்டொப் கணக்கில சேரும், சொந்த லப்டொப்பும் சேரும். இன்டர்நெட் கொம்பனி குடுத்த வீட்டு ரௌட்டர் சேராது. அப்ப எல்லை எங்க எண்டா லப்டொப்பிலயே இருக்கிற சொஃப்ட்வெயார் ஃபயர்வால், விண்டோஸில சும்மா இருக்கிறது, அது ஓனில இருக்கணும். விபிஎன் போட்டா எல்லை கொம்பனி ஃபயர்வாலுக்குப் போகும். கடுமையான ஓட்டைக்கு அப்டேட் வந்தா 14 நாளுக்குள்ள போடணும். மைக்ரோசொஃப்ட் 365, ஸீரோ மாதிரிக் கிளவுட் சேவைக்கெல்லாம் எம்எஃப்ஏ கட்டாயம்.

இன்னொண்டு, பேரோல் செய்யிறீங்க எண்டா பிரிட்டிஷ் ஆக்கள்ட பேரும் சம்பளமும் இங்க வருது. இலங்கைக்கு அவங்கட அடிக்குவசி அங்கீகாரம் (தரவுப் பாதுகாப்பு போதும் எண்டு ஏத்துக்கொள்றது) இல்ல, அதால கிளையன்ட் ஐடிடிஏ (வெளிநாட்டுக்குத் தரவு அனுப்புற ஒப்பந்தம்) மாதிரி ஒப்பந்தம் ஒண்டு தரணும், 2022 மார்ச்சில இருந்து நடைமுறையில இருக்கு. உங்களிட்ட அது இருக்கா? இல்லையெண்டா அந்த ஷீட்டோட சேத்து நீங்க அவரிட்டக் கேளுங்க. ஒரு பக்கக் கேள்வியா மட்டும் இருக்கக் கூடாது பாருங்க.

---

கல்முனைக் கடற்கரை:

அக்காட பதிலோட சேத்து வேலை ஒழுங்க எழுதுறன்.

முதல் அடி ஐடென்டிட்டி. இசட்டிஎன்ஏ எதப் போட்டாலும் அது உங்கட மைக்ரோசொஃப்ட் லொகினத்தான் நம்பும், அந்த லொகின் ஓட்டையெண்டா மேல எதக் கட்டியும் பிரயோசனமில்ல. 2021 மே மாசம் அமெரிக்காவில கொலோனியல் பைப்லைன் நிண்டது பெரிய ஹொலிவூட் வேலையால இல்ல, பாவிக்காத பழைய விபிஎன் எக்கவுண்ட் ஒண்டு, எம்எஃப்ஏ இல்ல, பாஸ்வேர்ட் வெளிய போயிரிந்திச்சு. 75 பிட்கொயின் கட்டினாங்க. உங்கட எக்கவுண்ட் லிஸ்ட எடுங்க, விலகிப் போன ஆக்கள்ட பேர் இன்னும் கிடக்கும், அத மூடுங்க. மிச்சம் எல்லாருக்கும் எம்எஃப்ஏ, எஸ்எம்எஸ் வேணாம், ஒதென்டிகேட்டர் ஏப்.

மைக்ரோசொஃப்ட் பிளான் என்ன வெச்சிரிக்கிறீங்க? பிசினஸ் ஸ்டாண்டர்ட் எண்டா பிரீமியத்துக்கு மாறுற செலவ, வெண்டர் சொன்ன டொலரோட வெச்சுப் பாருங்க. பிரீமியத்துக்குள்ள கண்டிஷனல் அக்ஸஸ், லப்டொப்புகளக் கட்டுப்படுத்துற இன்டியூன், வைரஸ் பாதுகாப்புக்கு டிஃபென்டர் மூண்டும் வருது, 300 பேர் வரைக்கும் எடுக்கலாம். கண்டிஷனல் அக்ஸஸால, இலங்கைக்கு வெளிய இரிந்து லொகின் வந்தா விடாத, அப்டேட் இல்லாத லப்டொப்ப விடாத எண்டு பொலிசி போடலாம். கிளையன்ட்ட ஸீரோ ட்ரஸ்ட் கேள்விக்கு அரைவாசிப் பதில் இதுதான், புதுசா ஒரு கொம்பனியும் உள்ள வராது.

மறுகா கனெக்டர். நாஸையும் குயிக்புக்ஸையும் ஒரே நாளில தூக்க வேணாம். குயிக்புக்ஸ் ரிமோட் டெஸ்க்டொப்ப மட்டும் முதல்ல, களுவாஞ்சிக்குடியில ஒராள், கல்முனையில ஒராள். அவங்க காலையில பிரவுசரத் திறந்து, மைக்ரோசொஃப்ட் லொகின் வந்து, போனில ரெண்டு இலக்க நம்பர் அமத்தி, சேர்வர் ஸ்க்ரீன் வருதா, டைப் பண்ற எழுத்து உடனே விழுதா எண்டு பாருங்க. எழுத்து பிந்தி விழுந்தா கணக்குப் பிள்ளை ரெண்டாம் நாளே எனிடெஸ்க் எண்ட வேற ரிமோட் ப்ரோகிராமப் போட்டிரும், நீங்க செய்த செக்யூரிட்டியெல்லாம் பின் கதவால போயிரும். மாச முடிவு, வட் ரிட்டேன் கிழமையில மட்டும் எதையும் மாத்திராதீங்க.

---

சம்மாந்துறை மில்காரன்:

ஒண்டு சொல்ல விட்டுப்போச்சு. குயிக்புக்ஸ் டெஸ்க்டொப் ஃபைல, நாஸ் ஃபோல்டர் மாதிரி டனலுக்குள்ளால வீட்டு லப்டொப்பில திறக்க விடாதீங்க. லைன் ஒருக்கா விக்கினா கொம்பனி ஃபைலே பழுதாகிரும், குயிக்புக்ஸ் செய்யிற இன்டுயிட் கொம்பனியும் அப்பிடிச் செய்யச் சொல்லல்ல. ப்ரோகிராம் சேர்வரிலயே ஓடட்டும், வீட்டுக்கு ஸ்க்ரீன் மட்டும் போகட்டும். ஸ்டாஃப் ரிமோட் டெஸ்க்டொப்பில வேலை செய்யிறதெண்டா விண்டோஸ் சேர்வருக்கு ஆர்டிஎஸ் எண்ட ரிமோட் டெஸ்க்டொப் லைசென்ஸ் வேணும், சும்மா வாற ரெண்டு பேர் அனுமதி சேர்வரப் பராமரிக்க மட்டும்தான், அதையும் கணக்கில போடுங்க. நாஸில இருக்கிற ஸ்கேனெல்லாம் மெல்ல மெல்ல மைக்ரோசொஃப்ட் 365ல வாற ஷெயார்பொயின்டுக்கு ஏத்திடலாம், அந்தக் காசு ஏற்கனவே கட்டுறீங்கதானே. ஆனா நாஸ வித்துராதீங்க, பெக்கப்புக்கு வையுங்க.

---

வாவிக்கரை கணக்கன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. பிளான் ஸ்டாண்டர்ட்தான், பிரீமியம் விலை கேட்டு மெயில் போட்டிருக்கன். விலகிப் போன ஆக்கள்ட எக்கவுண்ட் நாலு கிடந்திச்சு, மூடியாச்சு. பெட்டி வெண்டரிட்ட வேர்ஷன் கேட்டன், எஞ்சினியரிட்டக் கேட்டுச் சொல்றன் எண்டவர். ஐடிடிஏ எங்களிட்ட இல்ல.

அக்கா, ஷீட்டில ஆம், இல்லை எண்டு ரெண்டு பெட்டிதான் இருக்கு. பாதி செய்து பாதி செய்யாததுக்கு என்ன போடுறது? முதலாளி எல்லாத்துக்கும் ஆம் போடச் சொல்றார்.

---

ஆரையம்பதி அக்கா:

போட விடாதீங்க. அந்த ஷீட் பிறகு கொன்ட்ராக்டோட பின் பண்ணுப்படும், ஏதாவது நடந்தா முதல்ல அதத்தான் எடுப்பாங்க. இல்லை எண்டு போட்டு, பக்கத்து கொமன்ட் கட்டத்தில என்ன செய்திருக்கு, மிச்சம் எந்தத் திகதிக்குள்ள முடியும், ஆர் பொறுப்பு எண்டு ஒரு வரி எழுதுங்க. போர்ட் மூடினது, எம்எஃப்ஏ போட்டு முடிஞ்சா அது, எக்கவுண்ட் மூடினது, மூண்டையும் திகதியோட போடுங்க. ஷீட் அனுப்ப முதல் கிளையன்ட்ட ஐடி ஆளோட ஒரு கோல் கதைக்கக் கேளுங்க, அவங்க கனக்க நேரம் எம்எஃப்ஏயும் லப்டொப் என்கிரிப்ஷனும் சரியெண்டா மிச்சத்துக்கு ஆறு மாசம் டைம் தருவாங்க. விண்டோஸிட டிஸ்க் என்கிரிப்ஷன், பிட்லொக்கர், அது ஓனா எண்டு பாத்திட்டீங்களா? விண்டோஸ் ஹோம் எண்டா முழு பிட்லொக்கர் இல்ல, புரோ வேணும். சொந்த லப்டொப் கனக்க ஹோம்தான் இருக்கும், அத இப்பவே எண்ணிப் பாருங்க.